கோழிப்பண்ணை நாற்றப் புகார்: "ஆய்வு முடியும்வரை மனுவை வாபஸ் வாங்குங்கள்" என்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பதால் ஊர்ப் பெயரையும் பண்ணைப் பெயரையும் இங்கே போடவில்லை.

ஊருக்கு வடக்கே, வயலைத் தாண்டி ஒரு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. முதலில் ஒரே ஒரு ஷெட்தான். இப்போது வரிசையாக நிற்கிறது, லட்சத்தை நெருங்கும் கோழி என்று அவர்களே சொல்கிறார்கள். இன்னும் ஒரு ஷெட்டுக்குக் கடைக்கால் தோண்டிவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் நாற்றம் ஊருக்குள் இறங்கிவிடும், விடிந்து வெயில் ஏறும்வரை போகாது. வாடைக்காற்று வீச ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம். ஐப்பசி மழையில் எருக்குழி நிரம்பி வழிந்து வடிகால் வாய்க்காலில் கலக்கிறது. சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகள் ஒரு கையால் ஈ விரட்டிக்கொண்டே சாப்பிடுகிறார்கள்.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கொடுத்தோம். அதன் பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சு வைத்தார்கள். பண்ணைத் தரப்பு ஒரு சமரசக் கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்துவிட்டது. அதன் சாரம் இது: அவர்கள் செலவில் ஒரு நிபுணரை வைத்து ஒரு வருஷம் காற்றை ஆய்வு செய்வார்கள், அறிக்கை வந்த பிறகு அதில் சொன்னபடி நடப்பார்கள். அதுவரை நாங்கள் எல்லா மனுக்களையும் திரும்பப் பெற வேண்டும், புதிதாக எங்கேயும் புகார் கொடுக்கக் கூடாது. நல்லெண்ணமாக மாரியம்மன் கோயில் திருப்பணிக்கு ஒரு தொகையும், ஊருக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரமும் தருவார்கள்.

ஊரில் பாதிப் பேர் போட்டுவிடலாம் என்கிறார்கள். பண்ணையில் எங்கள் தெருக்காரர்கள் வேலை செய்கிறார்கள், எருவும் அங்கேதான் வாங்குகிறோம். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் கூடாது என்று கூட்டத்தில் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடமுருட்டி எழுதியது:

அண்ணே, என் கருத்து வேறு. போட்டுவிடுங்கள். வழக்கு என்று போனால் சென்னைக்கு அலைய வேண்டும், வக்கீல் செலவு, வருஷக்கணக்கு. விதைப்பும் அறுப்பும் விட்டுவிட்டு யார் போவது? ஒரு வருஷம் பொறுத்தால் நிபுணர் அறிக்கை கையில் வரும், அதை வைத்து அப்புறம் பேசலாம். பகைத்துக்கொண்டால் வேலையும் போகும், எருவும் போகும். ஆய்வு என்பது நமக்கும் நல்லதுதானே?

மகாமகக்குளம் எழுதியது:

கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். குடமுருட்டி சொல்வதில் அலைச்சல் பற்றிய பகுதி உண்மை. ஆனால் "ஒரு வருஷம் பொறுத்து அப்புறம் பேசலாம்" என்பதில்தான் கண்ணி இருக்கிறது.

தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010, பிரிவு 14 படி, சுற்றுச்சூழல் தகராறை வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கொண்டுபோக வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் தருவார்கள். அதற்கு மேல் கிடையாது. நஷ்டஈடு கேட்கும் பிரிவு 15-க்கு 5 வருஷம் உண்டு, அது தனி. இப்போது கடிதத்தில் இருக்கும் "ஒரு வருஷம்" என்ற சொல்லைப் பாருங்கள். ஆய்வு அறிக்கை வந்து, அதில் உங்களுக்குத் திருப்தி இல்லாமல் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போனால், "காலம் கடந்துவிட்டது, ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே இவர்களுக்கு எல்லாம் தெரியும், இதோ அவர்களே போட்ட கையெழுத்து" என்று உங்கள் கடிதத்தையே எதிர்த்தரப்பு நீட்டும். பழைய ஷெட்டுகளுக்கு இப்போதே அந்தப் பேச்சு வரும். புது ஷெட் வேலை தொடங்கியதுதான் உங்கள் கையில் இருக்கும் புதிய காரணம். அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

நாலு பேர் போடும் கையெழுத்து ஊரில் மற்றவர்களைக் கட்டாது, வாரியத்தின் அதிகாரத்தையும் கட்டாது. ஆனால் நடைமுறையில் என்ன ஆகும் என்றால், "சமரசம் ஏற்பட்டது, மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று கோப்பு மூடப்படும். அடுத்த முறை மனு கொடுத்தால் அந்தக் கோப்பை எடுத்துக் காட்டுவார்கள்.

அப்புறம், சென்னைக்குப் போகாமலே ஒரு வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆவது பிரிவு. பொதுத் தொல்லை என்று கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் அவர் நிபந்தனை உத்தரவு போடலாம்: இத்தனை நாளுக்குள் இதைச் செய், இல்லையேல் வந்து காரணம் சொல். 1980இல் ரத்லம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்துத்தான், பணமில்லை என்று சொல்லித் தப்ப முடியாது என்று சாக்கடை கட்டச் சொன்னது. உங்கள் சமரசம் அந்தக் கோட்டாட்சியர் உத்தரவாக வந்தால் அதற்குப் பல் இருக்கும். வெறும் கடிதத்துக்குப் பல் கிடையாது.

பண்ணை வாரியத்தின் இசைவாணை, அதாவது நடத்துவதற்கான அனுமதி, வாங்கியிருக்கிறதா? முன்பு லட்சம் கோழிக்குக் கீழே என்றால் விலக்கு இருந்தது. 2020 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் அதை மறுபரிசீலனை செய்யச் சொல்லி, 5,000 கோழிக்கு மேல் உள்ள பண்ணைகளுக்கும் இசைவு முறையைக் கொண்டுவர வேண்டும் என்றது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி இசைவாணை நகலும் அதன் நிபந்தனைகளும் கேளுங்கள். கையெழுத்துக்கு முன்னால் அதுதான் வேலை.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. 6 மாத விஷயம் எங்கள் யாருக்கும் தெரியாது. இன்னொரு கேள்வி. நம் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே, அந்தச் சட்டத்தை வைத்தே நிறுத்த முடியாதா? கூட்டத்தில் இளைஞர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

மகாமகக்குளம் எழுதியது:

முடியாது. 2020 சட்டத்தில் தடை செய்யப்பட்ட பட்டியல் இருக்கிறது: துத்தநாக உருக்காலை, இரும்புத்தாது ஆலை, தோல் பதனிடுதல், எண்ணெய், எரிவாயு ஆய்வு, கப்பல் உடைப்பு போன்றவை. கோழிப்பண்ணை அதில் இல்லை. அந்தப் பிள்ளைகளின் கோபம் நியாயம், ஆனால் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றால் மாதங்கள்தான் போகும்.

உமிமூட்டை எழுதியது:

ஒரத்தநாடு பக்கம் கறிக்கோழி வளர்க்கிறேன். கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும், ஷெட்டும் கரண்டும் உழைப்பும் என்னுடையது. பண்ணைக்காரன் பேச்சு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், இருந்தாலும் சொல்கிறேன்.

நாற்றத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், ஈரம். கோழி எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. காய்ந்து கிடந்தால் அது சும்மா கிடக்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் பாக்டீரியா அதை உடைத்து அமோனியா ஆக்கும். ஷெட்டுக்குள் நுழைந்ததும் கண் எரிந்தால் கோழிக்கும் எரிகிறது என்று அர்த்தம். அமோனியா 25 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு) தாண்டினால் கோழிக்கே மூச்சுக் கோளாறு வரும், தீவனம் தின்பது குறையும். அதனால் நாற்றமடிக்கும் பண்ணை நஷ்டப்படும் பண்ணையும்தான். இதை அவரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

முட்டைக்கோழி கூண்டில் நிற்கும், எச்சம் கீழே குவியும். புது எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அதோடு கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகினால் தீர்ந்தது, கீழே கூழாகிவிடும். ஒவ்வொரு வரிசையாக நிப்பிளைத் தட்டிப் பார்த்து, ஒழுகுவதை அன்றைக்கே மாற்றினால் பாதி நாற்றம் போய்விடும். மாற்ற ஆகும் செலவு சொற்பம். பார்க்க ஆள் வைக்க மாட்டார்கள், அதுதான் சங்கதி. ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும். குவியலை அதற்குள் அப்புறப்படுத்த வேண்டும், அல்லது காய வைக்க வேண்டும். தீவனத்தில் சைரோமசின் என்ற ஈப்புழு மருந்தைக் கலந்தால் எச்சத்தில் புழு வளராது, ஆனால் அதை நம்பி ஈரத்தை விட்டுவிடக் கூடாது.

நம் டெல்டாவுக்கென்று ஒரு தனிச் சங்கடம் உண்டு, இதை நாமக்கல் நிபுணர் வந்து சொல்ல மாட்டார். எரு எப்போது விற்கும்? கோடையில் வயல் காலியாக இருக்கும்போதும், ஆடி ஆவணியில் உழவுக்கு முன்னாலும். சம்பா நட்டு முடித்துவிட்டால் தை அறுப்புவரைக்கும் யாரும் லோடு எடுக்க மாட்டார்கள். ஆக, மழை கொட்டும் ஐப்பசி கார்த்திகையில்தான் எரு குவிந்து கிடக்கும். அதையும் குழியில் போட்டால்? நம் களிமண்ணில் அந்த மாதங்களில் இரண்டு மூன்று அடி தோண்டினாலே தண்ணீர் நிற்கும். குழி என்பதே இங்கே தப்பு. மேடாக்கி சிமென்ட் தளம் போட்டு, மேலே ஷீட் கூரை, சுற்றி வரப்பு. செத்த கோழியைப் புதைப்பதிலும் இதே கதைதான்.

பண்ணையை மூடச் சொல்லாதீர்கள், கடனில் நிற்பவர் முரண்டு பிடிப்பார். இந்த வேலைகளைத் தேதி போட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

மேலத்தெரு அக்கா எழுதியது:

இதே மாதிரி ஒரு பண்ணை பக்கத்தில்தான் நானும் இருக்கிறேன், வலங்கைமான் பக்கம். என் வீட்டுக்காரர் அங்கே முட்டை பொறுக்கும் வேலைக்குப் போகிறார். அந்தச் சம்பளத்தில்தான் மகள் படிக்கிறாள். அதனால் பண்ணை மூடினால் எனக்குத்தான் முதல் அடி.

ஆனால் ஆம்பளைகள் பேச்சுவார்த்தையில் "கொஞ்சம் வாடை வருது" என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. துவைத்துக் காயப்போட்ட கொடிக்கயிறு சாயங்காலம் கறுத்துத் தெரியும். அவ்வளவும் ஈ. துணியை உதறினால் எழும்பி மறுபடியும் அதிலேயே உட்காரும். சோறு வடித்துக் கஞ்சிப் பானையைத் திறந்து வைக்க முடியாது. அடைமழையில் ஜன்னலைச் சாத்தினால் வேர்க்கிறது, திறந்தால் குமட்டுகிறது. மாமியாருக்கு ஏற்கெனவே ஆஸ்துமா, மார்கழியில் அவரை மகள் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இதெல்லாம் யார் மனுவிலும் இல்லை.

வெண்ணாற்றங்கரை தம்பி, உங்கள் ஊர் மனுவில் பெண்கள் யாராவது பேசினார்களா? பகலில் ஊரில் இருப்பது நாங்கள்தான். எந்த நேரம் நாற்றம், எந்த நேரம் ஈ என்று எங்களைக் கேளுங்கள். கோயிலுக்குக் கொடுக்கும் பணம் நல்லதுதான், அது என் அடுப்படியில் ஈயைக் குறைக்காது.

ஒரத்தநாட்டுக்காரி எழுதியது:

கால்நடைப் படிப்பில் கோழிக் கழிவு பற்றித்தான் என் ஆய்வு. "ஆய்வு முடியும்வரை புகார் வேண்டாம்" என்ற அந்த ஒரு வரியைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. இதே ஒப்பந்தத்தை ஒரு நாடே செய்து பார்த்திருக்கிறது.

அமெரிக்காவில் பன்றி, பால்மாடு, முட்டைக்கோழி, கறிக்கோழிப் பண்ணைகள் பெரிது பெரிதாக வளர்ந்தபோது அக்கம்பக்கத்தார் புகார்கள் குவிந்தன. சுத்தக் காற்றுச் சட்டத்தில் நடவடிக்கை எடுக்க, எந்தப் பண்ணை எவ்வளவு அமோனியா, தூசி, ஹைட்ரஜன் சல்ஃபைடு விடுகிறது என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்குக்கு நம்பகமான முறை இல்லை என்றார்கள். அதனால் 2005 ஜனவரியில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பண்ணைகளோடு ஒரு சமரசம் போட்டது. பண்ணையின் அளவைப் பொறுத்து 200 டாலரிலிருந்து அதிகபட்சம் ஒரு லட்சம் டாலர்வரை அபராதம், ஆய்வு நிதிக்கு ஒரு பங்கு. பதிலுக்கு, பழைய மீறல்களுக்கும் ஆய்வுக் காலத்துக்கும் முகமை வழக்குப் போடாது. ஏறத்தாழ 14,000 பண்ணைகள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டன. ஊர்க்காரர்களின் அமைப்புகள் நீதிமன்றம் போயின. யார்மீது வழக்குப் போடுவது, யாரை விடுவது என்பது முகமையின் விருப்பம், நாங்கள் தலையிட முடியாது என்று 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது.

ஆய்வு நடந்தது, அதில் குறை சொல்ல முடியாது. பர்டியூ பல்கலைக்கழகத்தார் முன்னின்று 2007 முதல் 2010 வரை பல மாநிலங்களில் கருவி வைத்து அளந்தார்கள். அப்புறம்? 2017இல் அந்த முகமையின் சொந்தத் தணிக்கைப் பிரிவே அறிக்கை விட்டது: ஒப்பந்தம் போட்டு 11 வருஷம் ஆகியும் நம்பகமான கணக்கீட்டு முறை வரவில்லை. அந்தப் 11 வருஷமும் பாதுகாப்பு பண்ணைக்கு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நாற்றம் இருந்தது.

அந்த 2005 சமரசத்துக்கு ஒரு வருஷம் முன்னால், 2004இல், ஒஹாயோ மாநிலத்தில் பக்கை என்ற பெரிய முட்டைப் பண்ணை நிறுவனத்தோடு அதே முகமை போட்ட சமரசம் வேறு மாதிரி. 8.8 லட்சம் டாலர் அபராதம். கூடவே தூசியைப் பிடிக்கும் கருவியை ஷெட்டுகளில் பொருத்த வேண்டும், அமோனியாவைக் குறைக்க எருவில் நொதி சேர்த்துச் சோதிக்க வேண்டும், அதற்கு 16 லட்சம் டாலருக்கு மேல் செலவிட வேண்டும் என்று வேலையை எழுதி வாங்கினார்கள். அங்கேயும் அளவீடு உண்டு, ஆனால் வேலை நடந்ததா என்று பார்ப்பதற்கான அளவீடு.

உங்கள் கையில் இருப்பது 2005 மாதிரி. கேட்க வேண்டியது 2004 மாதிரி.

குடமுருட்டி எழுதியது:

சகோதரி, அமெரிக்கா கதையை ஒத்துக்கொள்கிறேன், 6 மாத விஷயமும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அளக்காமல் எப்படி? நாற்றம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு அடிப்பது அவருக்கு அடிக்காது. "வாரியம் வந்து அளந்துவிட்டு அளவுக்குள்தான் இருக்கிறது என்று சொன்னது" என்று அவர் காகிதத்தைக் காட்டினால் என்ன பதில்?

ஒரத்தநாட்டுக்காரி எழுதியது:

அண்ணா, நல்ல கேள்வி. அந்தக் காகிதம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, உண்மையாகவே அளவுக்குள் இருக்கலாம். அதுதான் சிக்கல்.

2009 தேசியக் காற்றுத்தர அளவுகோலில் அமோனியாவுக்கு 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம். முதலில் இது சராசரி. பகல் முழுக்கக் காற்று கலைத்துவிடும், ராத்திரியும் விடியலிலும் ஏறும் உச்சம் அதில் கரைந்துவிடும். வானம் தெளிந்த குளிர்ந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேலே கிளம்பாமல் படிந்துவிடும், அதனால்தான் பொழுது சாய்ந்து ஆரம்பித்து வெயில் ஏறியதும் விலகுகிறது. அதிகாரிகள் வருவது காலை 11 மணிக்கு. இரண்டாவது, 400 மைக்ரோகிராம் என்பது பி.பி.எம். கணக்கில் ஒன்றுக்கும் கீழே, சுமார் 0.6. கடையில் கிடைக்கும் மலிவான கைக்கருவி ஒன்று ஒன்றாக எண்ணும், அது தெருவில் பூஜ்யம் காட்டும். மூன்றாவதுதான் முக்கியம்: எருவின் நாற்றம் அமோனியா மட்டும் கிடையாது. கந்தகச் சேர்மங்கள், அமைன்கள், கொழுப்பு அமிலங்கள் எல்லாம் சேர்ந்த கலவை. அவற்றில் சில மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்கு எட்டும். அமோனியா எண் சரியாக இருக்கும்போதே குமட்டலாம்.

ஆகவே சமரசத்தை ஒரு வாயு எண்ணில் கட்டிவைக்காதீர்கள். கண்ணால் பார்த்து ஆமா, இல்லை என்று சொல்லக்கூடிய வேலையில் கட்டுங்கள். எருத்தளத்துக்குக் கூரை இருக்கிறதா? கூண்டுக்குக் கீழே கூழாக இருக்கிறதா, உதிரியாக இருக்கிறதா? லாரி தார்ப்பாய் போட்டுப் போனதா? இதற்கு நிபுணர் வேண்டாம்.

அளவீடாக ஒரு நோட்டுப் போதும். தேதி, மணி, காற்று எங்கிருந்து வருகிறது, எந்தத் தெரு, எவ்வளவு கடுமை. வாடையா, கொண்டலா, மேல்காற்றா என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வடக்கே பண்ணை, வாடையில் நாற்றம், மேல்காற்றில் இல்லை என்று பல வீட்டு நோட்டுகளும் ஒத்துப்போனால் அது வலுவான சாட்சி. மேலத்தெரு அக்கா சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன், பெண்கள் எழுதட்டும்.

பாமணியாறு எழுதியது:

எங்கள் பக்கத்து ஊரில் வாய்ப்பேச்சாகச் சமரசம் செய்தார்கள். இரண்டு மாதம் சுண்ணாம்பு போட்டார், எருவை ஒழுங்காக அள்ளினார், ஊரே மெச்சியது. அப்புறம் மேலாளர் மாறினார், புதியவர் "எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்றார். ஆகவே எழுதும்போது ஆளின் பேரில் எழுதாமல், பண்ணையை நடத்துபவர் யாராக இருந்தாலும் என்று எழுதுங்கள். இன்னொன்று, கோயில் பணத்தை இதே காகிதத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். நாளைக்கு "பணம் வாங்கிக்கொண்டு பேசுகிறார்கள்" என்ற பேச்சு வரும். கொடுக்க விருப்பம் இருந்தால் உண்டியலில் போடட்டும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

நேற்று ராத்திரி கோயில் மண்டபத்தில் கூடினோம். இந்த இழையைக் கைப்பேசியில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். 11 வருஷக் கதையைக் கேட்டதும் கையெழுத்துப் போடலாம் என்றவர்களே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பெண்கள் முன்னால் வந்து உட்கார்ந்து பேசினார்கள், எங்கள் ஊரில் இது பெரிய விஷயம்.

நாங்களே ஒரு வரைவு எழுதியிருக்கிறோம். ஒழுகும் நிப்பிள் எல்லாம் 15 நாளில் மாற்ற வேண்டும், அதன் பிறகு தினமும் பார்க்க ஒரு ஆள். எருக்குழியைத் தூர்த்து, மேட்டில் சிமென்ட் தளமும் கூரையும் புரட்டாசி முடிவதற்குள். கூண்டுக்கு அடியில் உள்ள எரு வாரம் இரண்டு முறை தளத்துக்குப் போக வேண்டும், லாரி தார்ப்பாய் மூடித்தான் வெளியே வர வேண்டும், பள்ளி நேரத்தில் வரக் கூடாது. வடிகாலுக்குப் போகும் குழாயை அடைக்க வேண்டும். ஊரின் பிரதிநிதிகள் இரண்டு பேர் எந்த நேரமும், விடியற்காலையிலும், உள்ளே வந்து பார்க்கலாம். இது எல்லாம் நடந்து முடியும்வரை புது ஷெட் வேலை நிற்க வேண்டும். ஆய்வு செய்ய விரும்பினால் செய்யட்டும், ஆனால் எந்த வேலையும் அதற்காகக் காத்திருக்காது. மனு எதுவும் வாபஸ் இல்லை. எல்லாம் முடிந்தது என்று கோட்டாட்சியர் பார்த்துப் பதிவு செய்தால் நாங்களே மனுவை முடித்துக்கொள்ளச் சம்மதிப்போம்.

ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

உமிமூட்டை எழுதியது:

நல்லா வந்திருக்கு. இரண்டு திருத்தம். எந்த நேரமும் உள்ளே வரலாம் என்பதை எந்தப் பண்ணைக்காரரும் ஒத்துக்கொள்ளக் கூடாது, நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெளியாள் காலில் நோய் வரும், ஒரு ஷெட்டே போய்விடும். அதனால் கோழி நிற்கும் இடத்துக்குள் போக வேண்டாம். எருத்தளம், வடிகால் வாய், ஷெட்டின் பக்கவாட்டிலிருந்து கூண்டின் அடி, இவை மட்டும் போதும். கால் நனைக்கும் மருந்துத் தொட்டியில் இறங்கித்தான் போக வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள், அவருக்கு மறுக்கக் காரணம் இருக்காது.

இரண்டாவது, சம்பா காலத்தில் எருவை என்ன செய்வார் என்று கேட்டு எழுதுங்கள். தளம் நிரம்பினால் பழையபடி ஓரத்தில் கொட்டுவார். புரட்டாசிக்கு முன்னால் கையிருப்பைக் காலி செய்ய வேண்டும், தளம் குறைந்தது தை வரைக்கும் தாங்கும் அளவில் இருக்க வேண்டும். பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புக்கு வருஷம் முழுக்க எரு போகும், அந்த வழியை அவருக்குக் காட்டிவிடுங்கள்.

மகாமகக்குளம் எழுதியது:

உமிமூட்டை சொன்ன இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பங்குக்கு: 152-ஆவது பிரிவு மனுவை இப்போதே கோட்டாட்சியரிடம் கொடுத்துவிடுங்கள், பேச்சு அந்த மனுவின் மேல் நடக்கட்டும். அப்போதுதான் ஒத்துக்கொண்டது அவருடைய உத்தரவாகும். மீறினால், அதிகாரியின் உத்தரவை மீறிய குற்றம் என்று பாரதிய நியாய சன்ஹிதா 223-ஆவது பிரிவு வரும். பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மனுவைத் தயாராக எழுதி வையுங்கள். புது ஷெட் வேலை தொடங்கிய தேதியிலிருந்து 5-ஆவது மாதத்தில் தளத்துக்கு அஸ்திவாரம்கூடப் போடவில்லை என்றால் காத்திராமல் தாக்கல் செய்யுங்கள். நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். குடமுருட்டி பயப்பட்ட அளவுக்குச் செலவு ஆகாது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வழிகாட்டியில் குடியிருப்பிலிருந்து 500 மீட்டர், வாய்க்கால், குளம், கிணற்றிலிருந்து 100 மீட்டர் என்று இருக்கிறது. புது ஷெட்டுக்கு வி.ஏ.ஓ.விடம் புல வரைபடம் வாங்கி அளந்து பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்து எழுதுகிறேன்.

உரிமையாளரே வந்திருந்தார், இதுவரை மேலாளர்தான் வருவார். நிப்பிள், கூரைத் தளம், தார்ப்பாய், வடிகால் அடைப்பு, மருந்துத் தொட்டி வழியாகப் பார்வையிடல், எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். தளத்துக்குப் புரட்டாசி முடியாது, கூடுதலாக ஒரு மாதம் வேண்டும் என்றார். மழைக்கு முன்னால் கூரையாவது நிற்க வேண்டும் என்று நாங்கள் விடவில்லை. கடைசியில் கூரை புரட்டாசிக்குள், தளம் ஐப்பசி பாதிக்குள் என்று முடிந்தது. தென்னந்தோப்பு யோசனை அவருக்கே பிடித்துப்போனது, பேராவூரணியில் யாரைப் பார்க்கலாம் என்று என்னிடம் கேட்டார்.

புது ஷெட்டை நிறுத்த மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. வங்கிக் கடன் வந்துவிட்டது என்றார். கோட்டாட்சியர் அதைத் தன் உத்தரவில் சேர்க்காமல், வாரியத்தின் முடிவுக்கு விட்டுவிட்டார். புல வரைபடத்தில் அளந்து பார்த்தோம், கீழண்டை வாய்க்கால் 100 மீட்டருக்குள்தான் வருகிறது. அதை வைத்து வாரியத்தில் தனி ஆட்சேபணை கொடுத்துவிட்டோம். அந்தச் சண்டை தனியாக நடக்கும், அதில் சமரசம் இல்லை.

மனு எதையும் வாபஸ் வாங்கவில்லை.

மேலத்தெரு அக்கா எழுதியது:

மனசுக்கு நிறைவா இருக்கு தம்பி. அந்த இரண்டு பிரதிநிதிகளில் ஒருத்தி பெண்ணா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

ஆமாம் அக்கா, சத்துணவு ஆயாவைத்தான் போட்டிருக்கிறோம். கூட்டத்தில் அவர்தான் பிள்ளைகள் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார். ஏழெட்டு வீட்டில் நோட்டும் ஆரம்பித்துவிட்டார்கள்.

மகாமகக்குளம் எழுதியது:

உத்தரவு நகலில் முத்திரையும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றை வாரியத்துக்கும் ஒன்றை ஊராட்சிக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வலங்கைமான் அக்கா, உங்கள் ஊர் மனுவை எழுத வேண்டும் என்றால் தனிமடலில் சொல்லுங்கள். அதற்கு முன்னால் நீங்களும் நோட்டை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.